கோபுரத்தைச் சாய்த்த போட்டோக்காரன்

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் இருந்தது. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் வாயிலிருந்து அது வெளியே வந்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. ஊர் அவனைக் கூப்பிட்டது 'ஆடாதே' என்று. கேமராவுக்கு முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் அவன் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை அதுதான். கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுதான், கைக்குழந்தைக்கும் அதுதான். செத்துப்போன மளிகைக்காரரைக் கடைசியாக ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டபோது, பழக்கதோஷத்தில் அவரைப் பார்த்தும் "ஆடாதே" என்று அதட்டிவிட்டான். அதுவரை வந்த வாடிக்கையாளர்களிலேயே சொன்ன பேச்சைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். படமும் பிரமாதமாக வந்தது.

அப்போதெல்லாம் போட்டோ பிடிப்பது கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் முடிகிற வேலை இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் பிசுபிசுவென்று ஒரு மருந்தை ஊற்ற வேண்டும். அதை வெள்ளி உப்புக் கரைத்த தண்ணீரில் முக்க வேண்டும். ஈரம் சொட்டச்சொட்டக் கேமராவுக்குள் சொருகி, மூடியைக் கழற்றி, வெளிச்சம் உள்ளே போய்ச் சாவகாசமாக உட்காரும்வரை நிற்க வேண்டும். பிறகு அந்த ஈரம் காய்வதற்குள் இருட்டறைக்கு ஓடிக் கழுவ வேண்டும். நடுவில் எதிராளி தும்மினால் முகம் புகையாகிவிடும். சிரித்தால் பல் நெற்றிக்கு ஏறிவிடும்.

மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று பார்க்க அவனிடம் கடிகாரம் கிடையாது. செபம்தான் கணக்கு. நல்ல வெயிலென்றால் கர்த்தர் கற்பித்த செபம் ஒன்று. மேகம் மறைத்தால் இரண்டு. மழைக்கால மதியமென்றால் ஒரு செபமாலையே தேவைப்படும். ஊரில் பாதிரியாரைவிட அதிகம் செபம் சொன்னவன் அவன்தான். அதில் ஒன்றைக்கூடக் கடவுளுக்காகச் சொன்னதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவன் வந்ததே ஆண்கள் காணாமல் போனதால்தான். தெருக்கோடியில் இருந்த பழைய தேவாலயத்தின் கோபுரத்துக்குள், கீழே ஓர் அறையும் மேலே ஓர் அறையும் மணியடிப்பவருக்கென்று விட்டிருந்தார்கள். அக்காவின் புருஷன்தான் மணியடிப்பவர். ஒருநாள் காலையில், "கயிறு இத்துப் போச்சு, புதுசு வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அக்கா இத்துப்போன கயிற்றை வெட்டி முடிச்சுப் போட்டாள். கயிறு குட்டையாகிவிட்டதால் கீழே நின்று இழுக்க முடியவில்லை. உச்சியில் மணிக்குப் பக்கத்திலேயே ஏறி நின்று இழுக்க ஆரம்பித்தாள். காது போனது, வேலை நிலைத்தது.

கீழறையை ஊர் ஊராகச் சுற்றுகிற ஒரு போட்டோக்காரருக்கு வாடகைக்கு விட்டாள். மருந்து நெடியில் இருமி இருமி, "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று போனவர் அவரும் திரும்பவில்லை. அக்கா வீட்டு ஆண்களுக்கு வாசலைத் தாண்டத் தெரிந்ததே தவிர, திரும்பத் தெரியவில்லை. அவர் விட்டுப்போன பெட்டியையும் புட்டிகளையும் தம்பிக்காரன் நோண்டினான். விரல் கறுத்தது, சட்டை பொத்தலானது, ஒரு தடவை புருவம் கருகியது. ஒரு வருஷத்தில் போட்டோக்காரன் ஆகிவிட்டான்.

படத்தைக் காகிதத்தில் இறக்க முட்டையின் வெள்ளைக்கரு வேண்டும். அடித்து நுரைத்துக் காகிதத்தில் பூச வேண்டும். முட்டையை உடைத்து அடிப்பது அக்காவின் வேலை. மிஞ்சுகிற மஞ்சள் கருவைத் தின்பது இரண்டு பேரின் வேலையும். காலையில் மஞ்சள் கரு, மதியம் மஞ்சள் கரு, வெளியே யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் அங்கேயும் முட்டைதான் வைப்பார்கள், இவர்களின் தலையெழுத்து.

இதில் ஒரே ஒரு வில்லங்கம் இருந்தது. அக்கா உச்சிப்பொழுது மணியை அடித்தால் கோபுரம் அடிவரைக்கும் நடுங்கும். கீழே தகட்டில் விழுந்துகொண்டிருக்கிற ஆளுக்கு இரண்டு மூக்கு முளைக்கும்.

"அக்கா, நான் மூடியைத் திறந்திருக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் பொறுத்து அடிக்கக் கூடாதா?" என்று கத்துவான்.

"என்னது?"

"பொறுத்து அடி!"

"பொறுத்தா உச்சிவேளை போயிரும்டா. மணி அடிக்கிறது என் வேலை. உன் ஆளுங்களுக்கு மூக்கு எத்தனைன்னு பார்க்கிறது உன் வேலை. காய்ச்சல்லகூட நான் விட்டதில்ல, உன் கண்ணாடிக்காக விடுவேனா?"

விட்டதே இல்லை. கெட்டுப்போன பெரிய தகடுகளைத் தூக்கி எறியாமல், புறா உள்ளே வராமலிருக்கத் தன் அறை ஜன்னலில் பதித்துக்கொண்டாள். அந்த ஜன்னல் வழியே வெயில் வந்தால், சுவரெல்லாம் இரண்டு மூக்கு மனிதர்கள் மங்கலாக நிற்பார்கள்.

அவனுக்கு மனிதர்கள் வெறுத்துப்போனது கொறடு விஷயத்தில்தான். கோபுரத்துக்கு நேர் எதிரே உயரமான ஒரு வீட்டில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவருக்கு ஊர் வைத்த பெயர் கொறடு. அவர் வாய் தூக்கத்தில் மட்டும்தான் மூடும் என்பது ஊரறிந்தது. கடைக்கு வெளியே மாட்ட ஒரு பெரிய படம் வேண்டுமென்று வந்து உட்கார்ந்தார். மூடி திறந்ததிலிருந்து மூடும்வரை விலைவாசி பேசினார். படத்தில் கோட்டு தெளிவாக விழுந்தது, பொத்தான்கள் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி விழுந்தன. கழுத்துக்கு மேலே அடுப்புப் புகை. அவர் அதைப் பார்ப்பதற்குள் தெரு பார்த்துவிட்டது. பல் பிடுங்குகிறவர் தன் தலையையே பிடுங்கிக்கொண்டார் என்று சொல்லிச்சொல்லிச் சிரித்தது. அன்றிலிருந்து கொறடு அவனோடு பேசுவதில்லை. கொறடு பேசாமலிருப்பது எவ்வளவு பெரிய கோபம் என்பதை அவரைத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும். அந்தத் தலையில்லாத தகடும் அக்காவின் ஜன்னலுக்குப் போனது.

மறுநாளே கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடாதே தேவாலயத்துக்குள் போனான். கல்லுக்குக் கொட்டாவி வராது. புனிதருக்கு மூக்கு உடைந்திருக்கலாம், ஆனால் அதைச் சொறிய மாட்டார். வாசல் வளைவில் செதுக்கியிருந்த திராட்சைக் கொடிகளை எடுத்தான். தூண்தலைகளில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த சின்னப் பிசாசுகளை எடுத்தான், யாரோ ஒரு கொத்தன் தன் மேஸ்திரியை நினைத்துக்கொண்டு செதுக்கியிருக்க வேண்டும். வளைவுக்கூரை இருட்டில் எலும்புக்கூடு மாதிரி போய்க்கொண்டே இருப்பதை எடுத்தான். கறுப்புத் துணியை முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தால் கேமராவின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தொங்கும். மொத்தத் தேவாலயமும் வானத்திலிருந்து தொங்குகிற மாதிரி இருக்கும். அவன் வாயே திறக்க மாட்டான். யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. அப்படியொரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தான். அதுதான் தப்பு. உள்ளே வெளிச்சம் குறைவு, பிரசங்கம் முழுக்க மூடி திறந்தே கிடந்தது. கழுவிப் பார்த்தால் பலிபீடம் இருக்கிறது, பெஞ்சுகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. அசைந்தவர்கள் எல்லாரும் கரைந்துபோயிருந்தார்கள், கையை ஆட்டிப் பேசிய பாதிரியார் உட்பட. அசையாமல் தூங்கியவர்கள் மட்டும் ஜம்மென்று விழுந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பாதிப்பேர் வாய் பிளந்து கிடந்தார்கள்.

"என் பிரசங்கத்துக்கு நீ காட்டுற மரியாதை இதுதானா?" என்றார் பாதிரியார்.

"நான் எதையும் காட்டல ஃபாதர். சூரியன் காட்டுது."

இந்த வசனம் அவனுக்கே மிகவும் பிடித்துப்போனதால் பலகையில் எழுதி வாசலில் மாட்டினான்: 'இங்கே சூரியன் வரைகிறது. பொய் கலப்பில்லை.'

அந்தச் சமயத்தில்தான் தலைநகரத்தில் பழைய கட்டடங்களுக்கென்று ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். எந்தத் தேவாலயத்தைக் காப்பாற்றுவது, எதை இடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். நேரில் போனால் கால் வலிக்கும். அதனால் ஊர் ஊராகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கோபுரமென்றால் அடி முதல் நுனி வரை ஒரே படத்தில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆடாதே தெருவில் முக்காலியை ஊன்றினான். நேராக வைத்துப் பார்த்தால் கோபுரம் இடுப்போடு நின்றுவிட்டது. பின்னால் போகலாமென்றால் கொறடு வீட்டுச் சுவர் முதுகில் இடித்தது. என்ன செய்வான்? கேமராவின் மூக்கை மேலே தூக்கினான். சிலுவை வரைக்கும் வந்துவிட்டது. கழுவிப் பார்த்தபோது கோபுரம் லேசாகப் பின்பக்கம் மல்லாந்த மாதிரி தெரிந்தது. கம்பீரமாக நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு அனுப்பிவிட்டான்.

சில மாதம் கழித்து ஒருநாள் காலையில் வண்டியிலிருந்து கமிட்டிக்காரர் ஒருவர் இறங்கினார். கையில் தோல்பை, மூக்கில் கண்ணாடி, கோபுரத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. நேராக வந்து பையிலிருந்து படத்தை எடுத்து, "இதை எடுத்தது யார்?" என்றார்.

பரிசு கொடுக்க வந்திருக்கிறார் என்று ஆடாதேவுக்கு ஒரு நினைப்பு. கறுத்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "நான்தான் ஐயா" என்று முன்னால் வந்தான்.

"நல்ல காரியம் பண்ணீங்க. சமயத்துல எங்க கண்ணுல பட்டுது. அடுத்த வாரம் ஆளுங்க வருவாங்க. கோபுரம் விழறதுக்குள்ள நாமளே இடிச்சிடலாம்."

அக்கா படியிறங்கி வந்தாள். "என்னடா சொல்றாரு?"

கமிட்டிக்காரர் அவள் காதருகே படத்தை ஆட்டிக் கத்தினார்: "கோபுரம் சாயுதும்மா! நீங்க வேற வீடு பாத்துக்கணும்!"

அக்கா படத்தை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது நம்ம கோபுரமா? என்ன, குடிச்சிருக்கா?" என்றாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"ஐயா, கோபுரம் சாயல. கேமராதான் சாஞ்சுது" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். "நான் மூக்கைத் தூக்கினேன், அதனால உச்சி பின்னால போச்சு. நீங்களே நிமிந்து பாருங்க. தோ, தலைக்கு மேலதான் இருக்கு."

"கோபுரத்தைப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லப்பா. படத்தைப் பார்க்கத்தான் அதிகாரம். வாசல்ல நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே, பொய் கலப்பில்லன்னு."

அந்தப் பலகையைக் கழற்றித் தன் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. "வேற படம் எடுத்துக் கொடுத்தா?"

கமிட்டிக்காரர் யோசித்தார். "ரெண்டு படம் இருந்தா புதுசு எதுவோ அதுதான் செல்லும். விதி அப்படி. ஆனா சாயங்கால வண்டிக்கு நான் கிளம்பிடுவேன்." அதைச் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பாதிரியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

அக்கா உள்ளே போய்ப் பாத்திரத்தை எடுத்து முட்டையை உடைக்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். கோபத்தில் முட்டை ஓடு ஒன்றை அவன் மேல் வீசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் நுரை கட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து நிதானமாக அடித்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டு அறை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. காது கேட்காத மணிக்காரிக்கு வேறெந்தக் கோபுரமும் வேலை தராது. இரண்டும் அவனுக்குத் தெரியும்.

"காகிதம் ரெடி பண்றேன்" என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "எங்கேருந்து எடுப்பே?"

பாதி உயரத்துக்கு ஏறி, கேமராவை நேராக வைத்து எடுத்தால் கோபுரமும் நேராக விழும். அந்த உயரத்தில் எதிரே இருப்பது ஒரே ஓர் இடம். கொறடு வீட்டு மேல்மாடம். அவன் எதிர்வீட்டைக் கைகாட்டியதும் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"பெரிய கண்ணாடியும் இல்லக்கா. எல்லாம் உன் ஜன்னல்ல இருக்கு" என்று அவள் காதில் கத்தினான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள். ஜன்னலிலிருந்து ஒரு தகட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். "எடுத்துக்கோ. நாளைக்கு வீடே இல்லன்னா ஜன்னல் எதுக்கு?"

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கோட்டு, பொத்தான், புகை. கொறடுவை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போனான்.

கொறடு நாற்காலியில் ஒரு பேக்கரிக்காரரை உட்கார வைத்து வாய்க்குள் கையை விட்டிருந்தார். இவனைப் பார்த்ததும் கையை எடுக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யாருப்பா அது? தலையில்லாதவன் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"அண்ணே, உங்க மேல்மாடம் வேணும். கொஞ்ச நேரத்துக்கு."

"எதுக்கு? மாடத்துக்கும் தலையை எடுக்கவா?"

அவன் நடந்ததைச் சொன்னான். கேமரா மூக்கைத் தூக்கியது, கமிட்டிக்காரர், அக்கா முட்டை உடைப்பது எல்லாவற்றையும். கொறடு கேட்டுக்கொண்டே இருந்தார். பேக்கரிக்காரர் வாயைத் திறந்தபடியே 'ச்சொ' கொட்டினார்.

"உனக்காக ஒரு ஆணியைக்கூட அசைக்க மாட்டேன்" என்றார் கொறடு கடைசியில். "ஆனா உங்கக்கா மணி அடிச்சாத்தான் நான் கடையை மூடிட்டுச் சாப்பிடப் போறது. அந்தம்மா போயிட்டா எனக்கு எப்பப் பசிக்கும்னு யாரு சொல்லுவா? ஏறு மேலே. ஆனா ஒண்ணு. முடிஞ்சதும் என்னை மறுபடி எடுக்கணும். தலையோட."

"ரெண்டு தலை வேணும்னாலும் தரேண்ணே. ஒரே ஒரு உதவி. நான் மேலே மூடியைத் திறந்துட்டா நீங்க பல்லைப் பிடுங்கக் கூடாது. வீடு அதிரும்."

பேக்கரிக்காரரின் முகம் வெளுத்தது. கொறடு அவர் தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, "பொறு ராசா, அந்தம்மா வீட்டு விஷயம்" என்று தட்டிக்கொடுத்தார். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்து, ஜென்மத்திலேயே முதல் தடவையாகத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மேல்மாடத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு பெரிய அலமாரி இருந்தது. அதற்குள் புகுந்து கதவைச் சாத்தினால் இருட்டறை. கேமராவை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் மேல் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தான். முக்காடு போட்டுக் குனிந்தான். கோபுரம் தலைகீழாகத் தொங்கியது, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராகத் தொங்கியது. அவனுக்கு உடம்பே லேசானது.

வெயில்தான் சதி செய்தது. குறுகலான தெரு அது. கோபுரத்தின் முகத்தில் வெயில் ஏறுவதற்கே பொழுது உச்சிக்குப் போக வேண்டும். அன்றைக்கென்று மேகம் வேறு. காத்திருந்தான், காத்திருந்தான். ஒருவழியாக மேகம் விலகிக் கல்லெல்லாம் பளிச்சென்று ஆனதும், அலமாரிக்குள் பாய்ந்து தகட்டில் மருந்தை ஊற்றினான், வெள்ளித் தண்ணீரில் முக்கினான், சொட்டச்சொட்டக் கொண்டுவந்து சொருகினான், மூடியைக் கழற்றினான்.

கழற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் எதிரே உச்சி ஜன்னலில் அக்கா நிற்பதைப் பார்த்தான்.

உச்சிப்பொழுது. மணி. இத்தனை வருஷம் எதற்காகச் சண்டை போட்டானோ அதை, மறக்கக் கூடாத இந்த ஒரு நாளில் பார்த்து மறந்திருந்தான்.

அவள் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து அரை இழுப்பு இழுத்திருந்தாள். மணி ஒருக்களித்து நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் அடிக்கும். விட்டுவிட்டால் திரும்பி வந்து அடிக்கும். அடித்தால் கோபுரம் நடுங்கும், கமிட்டிக்காரர் கையில் இரண்டு கோபுரம் இருக்கும், இரண்டையும் இடிக்கச் சொல்வார். வேறு தகடு இல்லை. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. ஓடிப்போய்க் கையை ஆட்டலாமென்றால் மாடத்துப் பலகை அதிரும்.

அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். தெருவுக்கு இந்தப் பக்கம், கீழே மாடத்து ஜன்னலில் ஒரு பித்தளைக் கண்ணும் அதன் பக்கத்தில் தம்பியும் நிற்பதைப் பார்த்தாள். அவன் கையில் மூடி இருப்பதையும் பார்த்தாள். மூடி கையில் இருந்தால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் இத்தனை காலம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா?

அவன் உதட்டை மட்டும் அசைத்தான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அதட்டாமல், கெஞ்சுகிற மாதிரி. "ஆடாதே."

அவள் ஆடவில்லை.

உடம்பு பாரம் முழுவதையும் கயிற்றில் போட்டு, தோளும் கழுத்தும் புடைக்க, அப்படியே நின்றாள். மணிக்கூண்டின் சுண்ணாம்புத் தூசி தலையிலும் முக்காட்டிலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒரு புறா வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, நம்பிக்கையாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனது.

அவன் செபத்தை ஆரம்பித்தான். பாதியில் சூரியன் மறுபடி மேகத்துக்குள் போனது. ஒன்று போதாது. இரண்டாவதை ஆரம்பித்தான். அக்காவின் முழங்கை நடுங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டே சொன்னதில் எங்கே விட்டான் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இந்தத் தடவை அது கணக்குக்காகச் சொன்னதாக இல்லை. யாரிடமோ நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தான். பழக்கமில்லாத வேலை. கணக்கு சுத்தமாகப் போய்விட்டது. கடைசியில் ஏதோ ஒரு நிமிஷத்தில், போதும் என்று தோன்றி மூடியைப் போட்டான்.

போட்டதும் கையை உயர்த்தினான். அக்கா கயிற்றை விட்டாள்.

ஊருக்கே அன்று உச்சிப்பொழுது தாமதமாக வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் மணி கேட்காததால் கணக்குப் பாடத்தை நடத்திக்கொண்டே போய், பையன்களுக்கு வேண்டாத பின்னங்களையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டார். பாதிரியார் மணி அடித்தால்தான் கரண்டியைத் தொடுவார். அவரும் கமிட்டிக்காரரும் ஆறிக்கொண்டிருந்த சூப்பை எதிரெதிராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் மணியின் முதல் அடியோடு சேர்ந்து பேக்கரிக்காரர் போட்ட கூச்சல் தனி.

ஆடாதே எதையும் கேட்கவில்லை. அலமாரிக்குள் தகட்டின் மேல் மருந்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தான். கோபுரம் மெதுவாக எழுந்து வந்தது. அடிக்கல், வளைவு, சிலுவை. சாயவில்லை, மல்லாந்திருக்கவில்லை. உச்சி ஜன்னலில் விரல் நகத்தளவு ஓர் உருவம், ஊசியால் கீறின மாதிரி, கயிற்றின் முறுக்குக்கூடத் தெரிந்தது. உயிரோடிருக்கிற மனிதர்களில் அவன் பேச்சைக் கேட்டு ஆடாமல் நின்ற முதல் ஆள். அதுவும் காது கேட்காத ஆள். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினான். மருந்து நெடி என்று பிறகு கொறடுவிடம் சொன்னான்.

அக்கா பூசி வைத்திருந்த காகிதத்தில் படத்தை வெயிலில் இறக்கி, வண்டி கிளம்புவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தான். கமிட்டிக்காரர் ஓர் அளவுகோலைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார்.

"நிமிந்துடுச்சே!"

"ஆமாங்கய்யா. கொஞ்சம் கஷ்டப்பட்டுச்சு."

"நல்ல கோபுரம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அப்போதும் மேலே பார்க்கவில்லை.

கொறடுவுக்குக் கொடுத்த வாக்கை ஆடாதே காப்பாற்றினான். அவருடைய நாற்காலியிலேயே அவர் தலையைப் பூட்டி, வாய் நிறையப் பஞ்சை அடைத்து எடுத்தான். கன்னம் இரண்டும் உப்பி, பணக்காரக் களை வந்துவிட்டது. அந்தப் படத்தைத்தான் அவர் கடைசிவரை கடை வாசலில் மாட்டியிருந்தார்.

கமிட்டியின் முடிவு ஒரு பெயர்ப்பலகையாகவே வந்து சேர்ந்தது. ஒரு ஆள் ஏணி வைத்துக் கோபுரச் சுவரில் அடித்துவிட்டுப் போனான். அக்கா எட்டி நின்று பார்த்தாள். "என்னடா போட்டிருக்கு? இடிக்கிறாங்களா?"

ஆடாதே ஒருமுறை படித்தான். நம்பாமல் இன்னொருமுறை படித்தான். பிறகு படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சொல்லித் தொலைடா!"

அவன் எழுந்து, ஒவ்வொரு வார்த்தையாக அவள் காதில் கத்தினான். "இந்தக் கோபுரம் பழமையானது. இடிக்கக் கூடாது. இதன் உச்சி ஜன்னலில் உள்ள, கயிறு பிடித்த பெண்ணின் கற்சிலை மிக அரியது. சிற்பி யாரென்று தெரியவில்லை. அதை யாரும் இடம் மாற்றவோ அகற்றவோ கூடாது."

அக்கா தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டாள்.

"அரியதுன்னா போட்டிருக்கான்?"

"மிக அரியது."

"உங்க மாமா வந்தா இதைப் படிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டு, உச்சிப்பொழுது ஆகிவிட்டதென்று படியேறிப் போனாள்.

மாமா வரவில்லை. ஆனால் தலைநகரத்திலிருந்து யாராவது படித்தவர்கள் சிலையைப் பார்க்க அவ்வப்போது வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆடாதே அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, அக்காவின் அறைவரை கட்டிவிட்டிருந்த பழைய கயிற்றின் மிச்சத்தைக் கீழேயிருந்து இரண்டு தடவை சுண்டுவான். மேலே அக்கா முட்டைப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஜன்னலில் போய் நிற்பாள். பார்க்க வந்தவர்கள் கழுத்தை நிமிர்த்தி, தொப்பியைக் கழற்றி, "எவ்வளவு உயிரோட்டம்!" என்பார்கள்.

அவனும் மேலே பார்ப்பான். உதட்டை மட்டும் அசைப்பான்.